ஜவ்ஸ்மா குடித்த டீ

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் டிராலி பஸ் ஓட்டுகிறவர்களில் ஜவ்ஸ்மா அளவுக்கு ஒல்லி யாருமில்லை. "அக்கா, கதவை மூடுங்க, காத்துல பறந்துடப் போறீங்க" என்று பயணிகள் சீண்டுவார்கள். "நான் பறந்துட்டா நீ நடந்துதான்டா வீடு போய்ச் சேரணும்" என்பாள்.

அவளுடைய அண்ணன் லுந்தேக்குக்கு மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலைத் தின்றுவிட்டது. யாராவது தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால்தான் பிழைப்பான். கூடப்பிறந்த மற்ற இருவரில் ஒருத்திக்கு அதே கிருமி, இன்னொருவனுக்கு ஈரல் முழுக்கக் கொழுப்பு. மிச்சம் ஜவ்ஸ்மாதான். ரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒலியலையால் அளப்பது மட்டும் பாக்கி. அந்தக் கருவியைப் பிடிக்கிற நர்ஸ் நான்.

மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது விதி.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களாக்கா?"

"ஒண்ணுமில்லம்மா. டீ மட்டும்தான்."

வெறும் வயிறு என்று எழுதிக்கொண்டேன். நானும் அன்று டீ மட்டும்தான் குடித்திருந்தேன்.

வலக்கையைத் தலைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கருவி பத்து முறை சுண்டியது. ஆறுக்குள் இருக்க வேண்டியது, ஒன்பதரை காட்டியது.

"நாளைக்கு இன்னொரு தடவை பாத்துடலாமா டாக்டர்?" என்றேன்.

"குண்டா இருந்தா அளவைச் சந்தேகப்படலாம். இவ எலும்பும் தோலும். நடுவுல மறைக்க என்ன இருக்கு? வேற ஆளைத் தேடச் சொல்லு. இவ பத்து நாள் கழிச்சு வரட்டும்."

எட்டாம் நாள் லுந்தேக் செத்துப்போனான்.

பத்தாம் நாள் காலையில் ஜவ்ஸ்மா வந்து நின்றாள். "நீங்க குடுத்த தேதிதானே? என் ஈரலுக்கு என்ன கேடுன்னு தெரியணும்ல" என்றாள். இரண்டு நாளாகத் தண்ணீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லையாம்.

அளந்தேன். நாலரை. மறுபடி அளந்தேன். அதே நாலரை.

"அன்னிக்கு டீயில என்னக்கா போட்டீங்க?"

"எப்பவும் போலதான். தினை, முந்தின நாள் ஆட்டுக்கறி, வால் கொழுப்பு. ரெண்டு கிண்ணம் குடிச்சேன். ஏம்மா, அது டீதானே?"

எங்கள் ஊரில் அது டீதான். யாரும் அதைச் சாப்பாடு என்று சொல்லமாட்டோம். ஆனால் சாப்பிட்டதும் ரத்தம் பாய்ந்து ஈரல் இறுகும் என்று படித்தவள் நான். அவள் படித்தது பஸ் ஓட்ட. டாக்டரைத் திட்டி என்ன பயன்? டீயில் என்ன இருந்தது என்று கேட்கத் துப்பில்லாதவள் நான்தான்.

"இப்ப நல்லா இருக்கா?" என்றாள்.

"இருக்குக்கா."

"அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் சட்டையை இறக்கவில்லை. வலது விலாவின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள்.