ஓட்டையில்லாத பனியன்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு திருப்பூரில் வந்திறங்கிய ஒச்சாயி, பதினாறு வருடங்களாகப் பெருமாநல்லூர் ரோட்டிலிருந்த பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்த்துவந்தார். பனியனுக்குள் கையை விட்டு, விரலை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும், குறை இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவார். குறையில்லாத துணி பூமியில் இல்லை என்பது அவர் சித்தாந்தம். சம்பந்தி வீட்டார் தாம்பாளத்தில் வைத்து நீட்டிய பட்டுப்புடவையையே ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்து, நிச்சயதார்த்தத்தை அரைமணி நேரம் நிறுத்தியவர்.

இத்தகைய கொள்கைப் பிடிப்பை ஏற்றுமதி தாங்காது. 2004 ஆவணியில் முதலாளி தமிழ்செல்வன் பொறுமையிழந்தார்.

"ஏனுங்கக்கா, வெள்ளைக்காரனே பாஸ் பண்றத நீங்க தள்ளுனா எப்புடீங்க? சனிக்கெழமையோட நின்னுக்குங்க."

அந்தச் சனிக்கிழமை காலையில் கம்பெனியின் கம்ப்யூட்டரும் நின்றுகொண்டது. ஸ்விட்சைப் போட்டால் உறுமும், எழுத்துகள் ஓடும், பாதியில் உறைந்துவிடும். அசையாது, அணையாது. தூத்துக்குடிக்குப் போகவேண்டிய சரக்கின் பேக்கிங் லிஸ்ட் அதன் வயிற்றில் இருந்தது. லாரி வாசலில் இருந்தது.

கம்ப்யூட்டர் பழசுதான் என்றாலும் மரியாதைக்குக் குறைவில்லை. பஞ்சுத் தூசி படக்கூடாதென்று, போன வாரம்தான் டெய்லர் பாண்டித்துரை அதன் பெட்டிக்கு ஒரு பனியன் தைத்துப் போட்டிருந்தார். இரட்டை மடிப்புத் துணி, ஸ்விட்சுக்கு நேரே பட்டன் வைத்த பட்டி, வயர் வெளியேறப் பின்பக்கம் இறுக்கமான ரிப் பட்டை. ஊரில் பல மனிதர்களுக்கு அப்படி அமைந்ததில்லை.

முந்தின நாள் இதே கோளாறுக்காக சர்வீஸ் இன்ஜினியர் இரண்டு முறை வந்தார். பனியனைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, ஊதிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் பசுபோல் ஓடியது. அவர் பைக் கேட்டைத் தாண்டியதும், ஆபீஸ் அனுசுயா பனியனை மாட்டிப் பட்டனும் போட்டுவிடுவார். உடனே பழைய கதை. இன்றைக்கு இன்ஜினியர் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், செல்போனை எடுக்கவில்லை.

"அது அவருக்கு மட்டுந்தானுங்க பயப்படுது," என்றார் முதலாளி. எலுமிச்சம்பழம் ஒன்றும் கட்டிப் பார்த்தாயிற்று.

லாரிக்காரர் மூன்றாம் முறை ஹாரன் அடித்தபோது, நூல் வெட்டும் டிரிம்மரை ஒப்படைத்துவிட்டுப் போக ஒச்சாயி உள்ளே வந்தார். கண் பனியனில் விழுந்தது. கை தன்னால் அதற்குள் போனது. வெடுக்கென்று வெளியே வந்தது.

"ஆத்தாடி! இத யாரு பாஸ் பண்ணது?"

வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்த பாண்டித்துரை கொதித்தார். "என்னக்கா குத்தம் கண்டீக? ஒரு ஓட்டை காட்டுங்க, தொழிலையே விட்டுர்றேன்!"

"அதான்டா குத்தம். ஒத்த ஓட்டை இல்ல. உள்ள இஸ்திரிப் பொட்டி மாதிரி கொதிக்குது. நேத்துப் பாத்தேன்ல, அந்த இன்ஜினியர் வந்தா இதக் கழட்டுறாரு, ஓடுது. நீங்க மாட்டுறீக, செத்துப்போகுது. பயமாம்ல பயம்!"

பனியனை உரித்தார். பெட்டிக்குள் சுழலும் காற்றாடி பக்கத் துவாரங்களில் இழுத்துப் பிடித்திருந்த துணி, பச்சென்று விட்டு வந்தது. முதலாளியின் டேபிள் ஃபேன் பெட்டிப் பக்கம் திருப்பப்பட்டது, முதலாளி வியர்த்தார். கால்மணி நேரம் கழித்து அனுசுயா ஸ்விட்சை அழுத்தினார். உறுமல். எழுத்துகள். வழக்கமாக உறையும் இடத்தில் இந்த முறை மற்ற எல்லாரும் உறைந்தார்கள். கம்ப்யூட்டர் மட்டும் தாண்டிப்போனது. பிரின்டர் இருமிக்கொண்டு மூன்று தாள்களைத் துப்பியது. லாரி புறப்பட்டது.

தமிழ்செல்வன் மேசைமேல் கிடந்த டிரிம்மரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இத நீங்களே வெச்சுக்குங்கக்கா. திங்கக்கெழம நேரத்துல வந்துருங்க."

"நான் என்னைக்கு நேரங்கழிச்சு வந்தேன்?" என்று முதலாளியிடமும் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டு, ஒச்சாயி பனியனை வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டையில்லாத குற்றத்துக்காக அவர் தள்ளிய முதல் உருப்படி அது. ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது? கொஞ்சம் யோசித்தார். பிறகு சிவப்பு அம்பு மேல்நோக்கி இருக்கும்படி, பாண்டித்துரையின் சட்டைப் பையில் ஒட்டினார்.