டென்சிலின் பேஜரும் மாரீஸ்வரியின் ஜாக்கெட்டும்

என் வீட்டுக்காரர் டென்சில் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவர். மும்பை செம்பூரில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலில் மழை இறங்கினால் போதும், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக மேலே ஏறும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கீழே இறங்கும். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துத் தனக்குத்தானே சிரிப்பார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான்தான் ஓடவேண்டும்.

விக்ரோலியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது அவருக்குச் சம்பள வேலை. இது சம்பளமில்லாத வேலை. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளும் எத்தனையோ புரோகிராம்களில் ஒன்றுக்கு இவர் பொறுப்பு. டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து பக்கம் பக்கமாகக் காட்டும், அவ்வளவுதான். பேஜர் என்பார்கள். அதை எழுதியவர் எங்கோ குளிர்தேசத்தில் இருக்கிறார். அவர் புதுப் பதிப்பு விட்டால், இவர் அதை இறக்கி, ஓட்டிப் பார்த்து, எல்லோருக்கும் போய்ச் சேரும்படி அனுப்புவார். "யாருக்கு இதெல்லாம்?" என்று கேட்டால், "யாராவது பாப்பாங்கட்டி" என்பார். அப்போது முகம் அப்படி மலரும். அந்த முகத்துக்காகவே விட்டுவைத்தேன்.

போன மாதம் ஒரு புதுப் பதிப்பை அனுப்பினார். உடனே ஒருவன் எழுதினான்: முன்பெல்லாம் பேஜரை மூடினாலும் கடைசியாகப் பார்த்த பக்கம் திரையிலேயே நிற்கும், இப்போது மறைந்துவிடுகிறது என்று. டென்சில் தன் லேப்டாப்பில் மூடிப் பார்த்தார். பக்கம் நின்றது. மறுபடி மூடினார். நின்றது. "இங்கே சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் போட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். சோதித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு எதற்குப் பொறுப்பு, இதை எவன் பயன்படுத்துகிறான், எடுத்துவிட்டால் ஒரு ஈ காக்காய் தேடாது என்று எழுதிவிட்டான், பேதீல போவான்.

அதற்குப் பிறகு டென்சில் லேப்டாப்பைத் தொடவில்லை. மழை பெய்தது. ஜன்னலோரம் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தார்.

"பொறுப்ப விட்டுடுதேன்னு எழுதிட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள யாரும் எடுக்கலன்னா பேஜரத் தூக்கிருவாங்க."

"தூக்கட்டுமே, ஜானே தோ, போனாப் போகுது" என்றேன்.

"அவன் சொன்னது நெசந்தான் சுஜா. ஆளில்லாத வீட்டுக்கு இம்புட்டு வருஷமா வெளக்கேத்திருக்கேன்."

முகம் தெரியாத ஒருத்தனோடு எந்தத் தெருவில் நின்று சண்டை போடுவது?

சனிக்கிழமை மத்தியானம் மாரீஸ்வரியின் ஜாக்கெட்டை வெட்ட உட்கார்ந்தேன். அவள் கீழ்மாடிக்காரி, மறுநாள் நெருளில் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே தையல் எனக்கு. வருகிறவர்களின் அளவையெல்லாம் டென்சில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். எப்போதோ அவர் சொல்லித்தந்த கட்டளையைத் தட்டினால் அளவு வரும். பார்த்ததும் மூடிவிடுவேன், இல்லாவிட்டால் முழங்கை பட்டு வேறு யார் அளவுக்காவது ஓடிவிடும். மூடினாலும் அளவு திரையில் நிற்கும், அதைப் பார்த்துப் பார்த்து வெட்டுவேன். அன்று காலையில் அது ஏதோ அப்டேட் கேட்டது, சரி என்றிருந்தேன்.

மூடினேன். திரை காலி. என்ன பெரிய அளவு, மனசில்தான் இருக்கிறதே என்று கழுத்தை வெட்டினேன். ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கிவிட்டது.

"ஏங்க! என் அளவு எங்க போச்சு? இந்த நாசமாப்போற பெட்டி முழுங்கிருச்சு!"

எழுந்து வந்தார். திறந்தார், மூடினார். அளவு மறைந்தது. தலையில் கையை வைத்துக்கொண்டார். எந்தக் காலத்திலோ தன் வசதிக்காகத் தன் லேப்டாப்பில் போட்டுவைத்த ஒரு செட்டிங்தான் அங்கே பக்கத்தை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. என் பெட்டியில் அது கிடையாது. ஊருக்கெல்லாம் சட்டை தைத்துவிட்டுத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார் மனுஷர்.

ஆனால் அதற்குமேல் அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நீ இந்தப் பேஜரயா பாக்க? தெனமுமா?"

"பின்ன? இது இல்லாம எப்படி வெட்ட?"

"எத்தன வருஷமா?"

"நல்ல கேள்வி! நீங்கதான போட்டுத் தந்தீங்க. மாரீஸ்வரிக்கு என்ன பதில் சொல்லன்னு நானே தவிச்சிட்டு இருக்கேன்."

அவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல், துணிக்கு மேலேயே வைத்தார். ஒரே ஒரு வரியை மாற்றினார். முதலில் என் பெட்டியில் ஓட்டிப் பார்த்தார், அளவு நின்றது. பிறகு திட்டியவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் நியாயம்தான். நான் ஜாக்கெட் கழுத்துக்கு லேஸ் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

"இன்னும் என்ன எழுதுதீங்க?"

"பேஜர நானே வச்சுக்கிடுதேன்னு. காரணம் கேக்காங்க."

"என்னன்னு போட்டீங்க?"

திரையை என் பக்கம் திருப்பாமல் தாழ்ந்த குரலில் வாசித்தார்: "யாருமே இல்லன்னு நெனச்சேன். ஒரு ஆளு இருக்கு. அவளுக்கு இது வேணும்."