அறுபத்தைந்தாவது ப்ளாக்

"முப்பத்தி மூணாவது ப்ளாக் ஆரம்பிச்சாச்சு, இட்லி எங்கே?" என்று மாடம்பாக்கத்து வீட்டுக் கூடத்திலிருந்து ஏகநாதன் குரல் கொடுத்தால், மணி எட்டு என்று அர்த்தம். மின்சாரச் சந்தையில் ஒரு நாளைக் கால் கால் மணி நேரமாக நறுக்கி, தொண்ணூற்றாறு துண்டாக்கி, துண்டுக்கு இவ்வளவு மின்சாரம் என்று விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்தத் துண்டுக்குத்தான் ப்ளாக் என்று பெயர். ஒரு தனியார் கம்பெனியின் துணை மின் நிலையத்தில் வருடக்கணக்காக ஷிப்ட் பார்க்கும் மனிதருக்கு வேறு கணக்கில் மணி சொல்ல வருவதில்லை. மனைவி வேதா அடுக்களையிலிருந்து, "உங்க ப்ளாக் வந்தா இட்லி வேகாது, ஆவி வந்தாத்தான் வேகும்" என்பாள்.

ஆள் ஒல்லி. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஓய்வு பெற இன்னும் இரண்டே மாதம் இருக்கிறது. கேம்ப் ரோட்டில் பஸ் தாமதமாக வந்தால் கண்டக்டரைப் பிடித்துக்கொள்வார்: "ஷெட்யூல் ஒண்ணு, சப்ளை ஒண்ணுன்னா எப்படிப்பா? எங்க ஆளுங்க டீவியேஷன் பண்ணா அபராதம் போடறாங்க. உங்களுக்கு யார் போடறது?" கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காவிட்டால், "லைன்ல நெரிசல். நம்ம கரண்ட் அடுத்த பந்தியிலதான் போகும்" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவரோடு பேசிக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியாது. சாயங்காலம் நான்கு மணிக்கு மட்டும் பேச்சு சட்டென்று நின்றுவிடும். வேதாவும் அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

காரணம் சொல்வதற்கு முன் அவர்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மின்கோபுரத்தில் ஏறி வேலை செய்ய, முதலில் லைனை அணைத்துத் தரச் சொல்லி அனுமதி வாங்குவார்கள். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். அது ஒரே ஓர் ஆளின் பேரில்தான் கொடுக்கப்படும். வேலை முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, வாங்கிய அதே ஆள்தான் தன் வாயால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை யார் போன் செய்து கத்தினாலும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரே ஏகநாதன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு நாள், சின்னப்பன் பேரில் லைன் கிளியர் கொடுத்திருந்தார். பொழிச்சலூர்க்காரர், பதினாறு வருடம் கோபுரம் ஏறியவர். வெளி மாநிலத்தில் வாங்கிய மின்சாரம் அன்று நான்கு மணிக்கு, அதாவது அறுபத்தைந்தாவது ப்ளாக்கிலிருந்து, அந்த லைன் வழியாக வர வேண்டும். "ஆச்சா, ஆச்சா" என்று மேலிடத்திலிருந்து நாலு போன் வந்துவிட்டது. மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சின்னப்பனின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. "லைன் கிளியர் ரிட்டர்ன் சார். அல்லாரும் எறங்கியாச்சு." குரல் சின்னப்பனுடையது இல்லை. கூட வேலை பார்க்கும் அன்புவின் குரல். சின்னப்பன் தன் செல்போனை அன்புவின் பையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஏகநாதனுக்குக் குரல் நன்றாகவே தெரிந்தது. 'சின்னப்பன் எங்கேப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பாவி மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார். "திருப்பிக் கொடுத்தவர்: சின்னப்பன்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு லைனைப் போட்டார். அடுத்த கோபுரத்தின் உச்சியில், பாதுகாப்புக்காகக் கட்டிய கடைசி எர்த் கம்பியை அப்போதுதான் அவிழ்த்து முடித்திருந்தார் சின்னப்பன்.

சின்னப்பன் செத்துப்போனது பற்றிய விசாரணையில் அன்பு, "போன்ல பேசுனது சின்னப்பன் அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டு, மறு மாதமே துபாய்க்குப் போய்விட்டான். நம்பரும் பதிவேடும் அதையே சொல்லின. லைனைத் திருப்பிக் கொடுத்த பிறகு சின்னப்பன் தானாகவே மறுபடி ஏறினார், விபத்துக்கு அவருடைய அலட்சியமே காரணம் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஏகநாதனிடம் கேட்டது, பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்ற ஒரே கேள்வி. ஆமாம் என்றார். வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆறு ஆப்பிள் வாங்கிக்கொண்டு பொழிச்சலூர் போகிறார். சின்னப்பனின் மனைவி ஜான்சி, தாம்பரத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறவள், சர்ச்சில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருப்பாள். முதல் தடவை அவள் கேட்டது ஒன்றுதான். "கடைசியா உங்கையிலதான் பேசிக்கீறாரு. இன்னா சார் சொன்னாரு?" ஏகநாதன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "எல்லாரும் பத்திரமா இறங்கிட்டோம், நீங்க சாப்டீங்களா சார்னு கேட்டாரும்மா." ஜான்சி அழுதுகொண்டே சிரித்தாள். "அதான் சார் அவுரு. யாரப் பாத்தாலும் சாப்டியான்னுதான் கேப்பாரு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதையே இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். அவரும் சொல்கிறார். திரும்பி வரும் வழியில் பம்மல் வரை அவருக்குக் கண்ணீர் கண்ணை மறைக்கும். ஒரு தடவை ஜான்சியின் மகள் ஜீவிதா, "அப்பா மேலதான் தப்புன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. ஆமாவா அங்கிள்?" என்று கேட்டாள். அன்றும் அவர் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இந்த மே மாதத்து ஞாயிறன்று, ஜான்சி ஒரு நோட்டுத் தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டாம் வருச நெனைவு கார்டு அடிக்கக் குடுக்கணும் சார். கீய அவுரு கடைசியா பேசுனதப் போட்டுக்கீறேன். எழுத்து கரீட்டா கீதான்னு பாரு சார்."

பெயரும் தேதியும் இருந்தன. அவற்றின் கீழே, மேற்கோள் குறிக்குள், அவர் கட்டிய பொய் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. தலைக்கு மேலே, பக்கத்து விமான நிலையத்துக்கு ஒரு விமானம் இறங்கியது. சத்தம் அடங்கும்வரை அந்த ஊரில் யாரும் பேசுவதில்லை. அடங்கியதும் ஏகநாதன் அந்த வரியை மறுபடி படித்தார். ஓய்வுக்கு இருக்கும் இரண்டு மாதத்தை நினைத்தார், வேதாவை நினைத்தார், போலீஸ் கேஸை நினைத்தார். எல்லாவற்றையும்விட, இந்தப் பெண்ணிடம் மிச்சமிருக்கும் ஒரே வாக்கியத்தைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டுமே என்பதை நினைத்தார்.

"அன்னிக்குப் போன்ல பேசினது சின்னப்பன் இல்லம்மா."

ஜான்சி புரியாமல் பார்த்தாள்.

"அன்பு பேசினான். குரல் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் லைனைப் போட்டேன். சின்னப்பன் திருப்பிக் கொடுக்கவே இல்ல. அவர் பேர்ல ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் என் தப்பு."

"அப்ப சாப்டீங்களான்னு கேட்டது?"

"நான் சொன்ன பொய்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.  அவள், "இத்த வேற யாராண்டயாவது சொல்லிக்கீறியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார்.

அவர் கையிலிருந்த தாளை வாங்கி, எழுதாத பக்கம் மேலே வரும்படி திருப்பி, ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"எய்திக் குடு."

பேனாவை எடுத்தார். 'ஏகநாதனாகிய நான்' என்று தொடங்குவதற்குள் மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. இடது கையால் அழுத்தினார். மறு ஓரம் எழும்பியது. ஜான்சி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.