எதிர்வீட்டுக்கு வந்த வேற்றுக்கிரகக் குடும்பம்

எங்கள் செட்டர் லேனில் யார் குடிவந்தாலும் சரி, சாமான் வண்டி திரும்பிப் போவதற்குள் மர்லீன் காசெக் ஒரு கேசரோலோடு அந்த வாசலில் நிற்பாள். டூனா மீன், நூடுல்ஸ், காளான் சூப் எல்லாம் கலந்து அடுப்பில் வேகவைத்தது, மேலே நொறுக்கிப் போட்ட சிப்ஸ். ருசி என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் தன் பெயரை எழுதி ஒட்டியிருப்பாள். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் எப்படியும் காபி குடித்துவிட்டுத்தானே போக வேண்டும்!

அவளுக்குப் பிழைப்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. பின்னால் கத்துகிற ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளையும் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தே அடக்கிவிடுவாள். எங்கள் ஊர் பெல்ஃபீல்டில் மேயருக்குப் பயப்படாதவர்கள்கூட அந்த முறைப்புக்குப் பயப்படுவார்கள்.

அந்த ஆகஸ்டில் அவளும் கணவன் வால்ட்டும் ஸ்கிராண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் காலியாகக் கிடந்த எதிர்வீட்டைச் சினிமாக்காரர்கள் வாடகைக்குப் பிடித்தார்கள். வேற்றுக்கிரகக் குடும்பம் ஒன்று எங்கள் தெருவைப் போன்ற ஒரு தெருவில் குடியேறி, புல் வெட்டவும் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கவும் தெரியாமல் அல்லாடுகிற சிரிப்புப் படம். தெருவுக்கே தெரிந்த விஷயம் இவர்கள் இருவருக்கு மட்டும் தெரியாது.

ஊரிலிருந்து திரும்பிய சாயங்காலம் மர்லீன் கண்ணில் முதலில் பட்டது எதிர்வீட்டு வாசலில் நின்ற சாமான் வண்டி.

"வால்ட், ஆள் வந்தாச்சு! போய் அடுப்ப மூட்டு."

"காரை விட்டு எறங்கவே இல்ல. கொஞ்சம் மூச்சு விடு மர்லீன்."

"மூச்ச அப்புறம் விட்டுக்கலாம். வண்டி கெளம்பிடும்."

அந்த வண்டியும் படத்துக்காக நிறுத்தியதுதான், அது எங்கே கிளம்பப்போகிறது! கேசரோல் வெந்ததும் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டியவள், வீட்டுக்குள்ளேயிருந்து அடித்த வெளிச்சத்தைப் பார்த்து, ராவோடு ராவாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் காவல் நின்றவன், கையில் கேக்கோடு வரவேண்டிய பக்கத்துவீட்டுக்காரி வேஷம் போடுகிறவள் இவள்தான் என்று நினைத்து, "சீக்கிரம் போங்கம்மா, கேமரா ரெடி" என்றான். போட்டோ எடுக்கிற குடும்பம் போல என்று அவளும் போய் மணியை அடித்தாள்.

கதவு திறந்தது. மூன்று பூசணிக்காய்களை ஒட்டவைத்தது போன்ற தலையோடு ஒரு ஆள். பின்னால் அதே தலையோடு மனைவி. இடுக்கில் அதே தலையோடு ஒரு சிறுமி. அந்த ஆள் கைகளை விரித்துக் களகளவென்று ஏதோ சத்தம் போட்டான். படக்கதையில் எழுதி வைத்தபடி பார்த்தால், பக்கத்துவீட்டுக்காரி இங்கே கேக்கைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடவேண்டும்.

மர்லீன் ஓடவில்லை. ஐயோ பாவம், குடும்பத்துக்கே ஏதோ வியாதி என்று நினைத்தாள். தலையைப் பார்த்தால் அவர்கள் மனசு நோகும் என்று கண்ணை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"வாங்க, வாங்க. நான் மர்லீன், எதிர் வீடு. உங்கள்ல மீன் ஒத்துக்காதவங்க யாராச்சும் உண்டா?"

அந்த ஆள் திகைத்துப்போய்த் தலையாட்டினான். பூசணிகள் மூன்றும் ஆடின.

"சூடு, துணியோட புடிங்க. காலைல புள்ளைக்குப் பால் இருக்கா?" பிறகு குனிந்தாள். "கண்ணு, ஸ்கூல் பஸ் அந்த முனையிலதான் நிக்கும். நான்தான் ஓட்டுறேன். எனக்குப் பின்னாடி மொத சீட்டு உனக்கு. எவனாச்சும் கேலி பண்ணா எங்கிட்ட சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"கட்!" என்று ஒரு குரல். உள்ளே இருந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மர்லீனுக்கு விஷயம் விளங்கியபோது முகம் செக்கச்சிவந்துவிட்டது. திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். வேலியோரம் நின்ற பக்கத்துவீட்டு நோரீன் சும்மா விடுவாளா?

"அடியே மர்லீன், செவ்வாய் கிரகத்துக்காரங்களுக்கு டூனா புடிச்சுதாடி?"

மறுநாள் அந்தத் தலைக்காரன் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தான். டெஸ்மண்ட் குவில் என்று பெயர். தலை இல்லாமல் பார்த்தால் சாதுவான மனுஷன். பசை ஒட்டிய இடமெல்லாம் முகம் தடித்திருந்தது.

"மிஸஸ் காசெக், நீங்க வந்தத அப்படியே படத்துல வைக்கணுங்கறாங்க. உங்க சம்மதம் வேணும்."

"ஊரே என்னைப் பாத்து சிரிக்கறதுக்கா? நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ தம்பி. சிரிப்பா சிரிச்சுப்போன டிரைவர் சொன்னா எந்தப் புள்ள கேக்கும்? பஸ்ஸு என் கைய விட்டுப் போயிடும்."

"சிரிப்பாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தத் தலைய மாட்டுன நாள்லேர்ந்து எங்களோட ஒக்காந்து சாப்பிடக்கூட ஒருத்தரும் வரல. அந்தச் சின்னப் பொண்ணு தெனமும் பசை எரியுதுன்னு அழுவா. இன்னிக்குக் காலைல அழல. அந்த பஸ்ஸு நெஜமாவே வருமான்னு கேட்டா."

மர்லீன் காபியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"சரி. ஆனா நான் பேசுனதுல ஒரு வார்த்தகூட வெட்டக்கூடாது. சிரிக்கறவன் எல்லாத்தையும் கேட்டுட்டு சிரிக்கட்டும்."

படம் வர அடுத்த வசந்தம் ஆயிற்று. ஊர்த் தியேட்டர் நிரம்பி வழிந்தது. அவள் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் முன் வரிசைகளில் பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தார்கள். மர்லீன் வால்ட்டின் கையைப் பிடித்த பிடியில் அவன் விரல் மரத்துப்போனது. திரையில் கதவு திறந்தது. இவள் கண் இமைக்காமல் மீனைப் பற்றி விசாரித்ததும் கொட்டகையே வெடித்துச் சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

திரையில் இருந்த மர்லீனும் குனிந்து சிறுமியிடம் பேச ஆரம்பித்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசியில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட இல்லை.

பின் வரிசையில் தாடி வைத்த பெரிய ஆள் ஒருவன் எழுந்தான். திக்கித் திக்கித்தான் பேச்சு வந்தது.

"எ... எனக்கும் இதேதான் சொன்னாங்க. நா... நாலாங்கிளாஸ் படிக்கறப்போ. மொ... மொத சீட்டு."

"எனக்கும்" என்று இன்னொரு மூலையில் ஒரு பெண் எழுந்தாள். இன்னொருவர், இன்னொருவர் என்று வரிசைக்கு வரிசை எழுந்தார்கள். முன்னால் இருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

மர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டேய், எல்லாரும் ஒக்காருங்கடா! பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது!"

அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள்.