ஈர நெல்லும் பழைய ஜாவாவும்

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் நேற்றுக் கேட்டார்: "அண்ணா, இதை ஏன் இன்னும் பழைய ஜாவாவுக்கு எண்டு சொல்லிக் கம்பைல் பண்றீங்க? அந்த வரிய எடுத்துரட்டா?"

எடுக்கலாம்தான். ஆனால் அந்த வரியைக் கண்டாலே எனக்கு ஈர நெல் சூடேறுகிற வாடை மூக்கில் ஏறும். கணினிக்கும் நெல்லுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் சிரிக்கலாம்.

அறுவடை நேரத்தில் எங்கள் கிரான் வயல் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். இப்போதெல்லாம் மெஷின் வெட்டு. வயல் வட்டையில் அறுத்த நெல் காயாமலே உழவு மெஷின் இழுக்கும் பெட்டியில் ஏறி ஆலைக்கு வந்துவிடும். நிறுக்கத் தாமதித்தால் உள்ளுக்குள் வெந்து, விலை இறங்கிப்போகும்.

நான் எழுதிய முதல் புரோகிராம் அப்படி ஓர் ஆலைக்குத்தான். ஓட்டமாவடி ஹாஜியார் ஒருவருடைய ஆலை. தராசு வயர் வழியே எடையைச் சொல்லும், என் புரோகிராம் அதை வாங்கி எடைச் சீட்டுத் துண்டு அடிக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான், ஆகவே தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். அலுவலகத்தில் புத்தம் புது ஜாவாவில் எழுதினேன். ஆலையில் இருந்ததோ பழையது. தராசோடு பேசும் மென்பொருள் அதில் மட்டுமே ஓடும், மாற்ற வழியில்லை. பழையதற்கு ஏற்றபடி செய் என்று, எழுதியதை ஓடும் கோப்பாக்கும் கம்பைலரிடம் சொல்லி, கொண்டுபோய்ப் போட்டேன். திறந்தது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் உழவு மெஷின் தராசில் ஏறியதும் புரோகிராம் விழுந்தது.

ஹாஜியார் ஏசவில்லை. "மகன், பகல் லுஹர் பாங்குக்குள்ள நிறுக்காட்டி நான் கொழும்பு கம்ப்யூட்டர் ஆக்களுக்குக் கோல் எடுப்பன்" என்றார். அவ்வளவுதான். வெளியே வரிசை நீண்டது. ஒருவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன மனே, உன்ட கம்ப்யூட்டருக்கு நெல்லெண்டா அலர்ஜியா?" என்றார். பின்னாலிருந்து யாரோ, "ஆர்ர பொடியன் இவன்?" என்று விசாரித்தார்.

அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவர் வரிசையிலேயே இருந்தார். வயல்காரப் போடியாரின் நெல்லோடு கூலிக்கு வந்திருந்த என் அப்பா. நெல்லின் மேல் குந்தியிருந்தார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பத் துணிவில்லை.

நீ கூப்பிடுகிற செயல் இங்கே இல்லை என்றது திரை. தராசு அனுப்பியதைத் திரும்ப வாசிக்க உதவும் சாதாரணச் செயல் அது, எந்த ஜாவாவிலும் உண்டு. எப்படி இல்லாமல் போகும்? கொண்டுவந்து வைத்த பிளேன்டி ஆறிப்போனது. கடைசியில் பிடிபட்டது. பெயர் ஒன்றுதான், ஆனால் அது திருப்பித் தரும் பொருளின் வகையைப் புது ஜாவாவில் மாற்றியிருக்கிறார்கள்; வகை மாறினால் பழைய ஜாவாவுக்கு அது தெரியாத செயல். என் கம்பைலர் கோப்பின் வடிவத்தை மட்டும் பழையதாக்கிவிட்டு, உள்ளே புது நூலகத்தைப் பார்த்தே எழுதியிருந்தது. நூலகமும் பழையதாக இருக்கட்டும் என்று சொல்ல ஒரு வரி போதும். போட்டுக் கம்பைல் பண்ணினேன்.

எடை திரையில் வந்தது. துண்டும் வந்தது. பாங்கு இன்னும் சொல்லவில்லை.

அப்பா வந்த பெட்டியும் எடை போட்டாயிற்று. இறங்கி வந்து துண்டை வாங்கினார், வாசிக்கத் தெரியாவிட்டாலும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்னால் நின்றவரிடம் திரும்பி, "கொஞ்சத்துக்கு முந்திக் கேட்டீங்களே, ஆர்ர பொடியன் எண்டு. என்டதான்" என்றார்.

ஹாஜியார் கொழும்புக்குக் கோல் எடுக்கவே இல்லை.

இப்போது நாங்கள் எழுதும் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கான ஜாவாவைத் தானே சுமந்துகொண்டு போகிறது, அந்தப் பிழைக்கு இடமே இல்லை. வேறு ஏதாவது விழுந்தால் எங்கிருந்தோ ஒரு செய்தி போனுக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே சூடேறிக்கொண்டிருக்கும் நெல்லையும் அதன் மேல் குந்தியிருப்பவரையும் வைத்துக்கொண்டு பிழை தேடுகிற வேலை போய்விட்டது. வசதிதான். ஆனாலும் சொல்கிறேன், அன்று திருத்திய வேகத்தில் நான் அதன் பிறகு எதையும் திருத்தியதில்லை.