போடலாம், போடாமலும் இருக்கலாம்

ஆபரேஷன் முடிந்து பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். அன்றைக்கே ரிப்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. என் இடது மார்பை எடுத்தபோது, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மார்பில் இருந்தது புற்றுநோய்தான், ஆனால் சிறியது, நெறிக்கட்டிகளில் ஒன்றில்கூட நோய் பரவவில்லை என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார். வராந்தாவுக்கு வந்ததும் என் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டு கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த நிஜமான பசி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். மாடியில் இருக்கும் மருந்து டாக்டரை ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

பம்பாயில், எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டர் வேலை. கணவருக்கு செம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன் உத்தியோகம், எங்கள் வீடும் செம்பூரில்தான். இருவருக்குமே சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஒரே மகள், பத்தாம் வகுப்பு.

மருந்து டாக்டர் என் வயதுப் பெண்மணி. நாங்கள் உட்காரும்வரை காத்திருந்து, ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்துவைத்து, இந்தியில் நிதானமாகச் சொன்னார். இப்படி ரிப்போர்ட் வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே போதும். சிலருக்கு மட்டும், எந்தச் சோதனையிலும் அகப்படாத ஒரு துளி வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கும். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களால் முடியாது. கீமோதெரபி என்கிற மருந்து ஊசி போட்டால் அவர்களில் கொஞ்சம் பேருக்குப் பயன் உண்டு. மற்றவர்களுக்குக் கஷ்டம் மட்டும்தான். போடுவதானால் ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு ஊசி, நடுவில் மாத்திரை.

"போடலாம், போடாமலும் இருக்கலாம். நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ரொம்ப நாள் தள்ளக் கூடாது" என்றார்.

அதுவரை எந்த டாக்டரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், விழுங்குவோம். ஆபரேஷனுக்கே அப்படித்தான், தேதி சொன்னார்கள், போய்ப் படுத்தேன். இப்போது முதல் தடவையாக ஒருவர் என்னைக் கேட்கிறார்.

என் கணவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவருடைய அக்கா இதே நோயில் போனவர். ஊரில் இருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் காட்டாமல் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்து, கடைசியில் வேலூருக்குக் கொண்டுபோனபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தந்தி கிடைத்து இவர் பம்பாயிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்ந்தது அடக்கத்துக்கு மறுநாள். அதனால் உலகத்தில் என்னென்ன மருந்து உண்டோ அத்தனையும் எனக்குப் போட்டாக வேண்டும் என்று நின்றார்.

நான் வேண்டாம் என்று நின்றேன். வாய் முழுக்கப் புண் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாயை வைத்துப் பிழைக்கிறவள், புண்ணோடு எப்படி நாள் முழுக்கப் பேசுவது என்று காரணம் சொன்னேன். அது பாதி நிஜம். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நான் பழையபடி ஆகிக்கொண்டிருந்தேன் என்பதுதான் மீதி. இடது கை மேலே போகாததால் மகள்தான் காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவாள். சாயங்காலம் சுவரில் விரல்களை எறும்பு மாதிரி மேலே மேலே நகர்த்த வேண்டும், எட்டிய இடத்தில் அவள் பென்சிலால் கோடு போடுவாள். கோடு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் மறுபடியும் என்னை நோயாளியாக்கிப் படுக்கவைப்பதா என்று பயம்.

ஒரு வாரம் வீட்டில் இதே பிரச்சினை. சண்டை என்று சொல்ல முடியாது, இருவருக்கும் சண்டை போடத் தெம்பில்லை. ஒருநாள் சாப்பிடுவதற்கு முன் ஜெபத்தில், உணவுக்காக நன்றி சொல்லிவிட்டு, "ஆண்டவரே, இவளுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் புத்தியையும் தாரும்" என்று சேர்த்துக்கொண்டார். நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியே வைத்திருந்தார். மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

அடுத்த முறை கையைக் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். காட்டி முடிந்ததும் கால் தானாக மாடிக்குப் போயிற்று. ஊசி போடும் அறை எப்படித்தான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. வெளியே நீள பெஞ்சு. அதில் என்னைவிடக் கொஞ்சம் இளையவளாக ஒருத்தி, தலையில் முக்காடு, கையில் ஒரு எலுமிச்சம்பழத் துண்டு. அதை அடிக்கடி முகர்ந்துகொண்டிருந்தாள். நர்ஸிடம் அவள் பேசிய இந்தியில் திருநெல்வேலி வாடை அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் ஊரைக் கேட்டேன். மேலப்பாளையமாம். தாராவியில் வீடு, கணவர் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இது அவளுக்கு நாலாவது மாத ஊசி. அவளுக்கு நெறிக்கட்டிகளில் நோய் இருந்திருக்கிறது.

எப்படி இருக்கும் என்று கேட்டேன். யாரிடமும் நான் அதுவரை நேராகக் கேட்காத கேள்வி.

"போட்ட அன்னைக்கும் மறுநாளும் வயித்தப் பொரட்டும்க்கா. மூணாம் நாளு எந்திரிச்சிருவேன். வாயில புண்ணு வரும், உப்புத்தண்ணி வச்சுக் கொப்பளிப்பேன். முடி கொட்டத்தான் செய்யி, ஆனா மொட்டையாவல, பாருங்க." முக்காட்டைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினாள். மெலிந்த கூந்தல்தான், ஆனாலும் கூந்தல். "மத்த நாளு பட்டறைக்குப் போயிருவேன். வீட்ல கெடந்தா டென்ஷன்."

என்னிடம் டாக்டர் கேட்டதைச் சொன்னேன். உன்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன்.

"என்ட்ட யாரும் கேக்கலக்கா. கட்டாயம் போடணும்னுட்டாவ. வேற வழியில்ல, அதனால யோசிக்கவும் இல்ல. உங்ககிட்ட கேக்காவன்னா, உங்களுக்கு அவ்வளவு மோசமில்லன்னுதான அர்த்தம்? நானா இருந்தா இனிப்பு வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டுத்தான் சொன்னாள். அதற்குள் அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எலுமிச்சைத் துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பேங்குக்குள் பணம் எடுக்கப் போகிறவள் மாதிரி சாதாரணமாக உள்ளே போனாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குள் ஏதோ இடம் மாறியிருந்தது. ஊசி மேல் இருந்த பயம் போய்விட்டது. போடத்தான் வேண்டும் என்றால் என்னாலும் முடியும் என்று தெரிந்துவிட்டது. பயம் போன பிறகுதான், எனக்கு அது தேவையா இல்லையா என்ற கேள்வியை என்னால் பார்க்கவே முடிந்தது. இத்தனை நாள் அந்தக் கேள்வியை நான் தொடவே இல்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். நான் இனிமேல் பயத்தில் மறுக்க மாட்டேன், நீங்களும் பயத்தில் வற்புறுத்தக் கூடாது. இருவரும் போய் டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். பிறகு முடிவு செய்வோம். அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

மகளின் நோட்டுப் புத்தகத் தாளில் என் கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். இப்போது போடாமல் விட்டு, பின்னால் நோய் வந்தால் அப்போது போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் அப்போது போடுவது நோயைத் தள்ளிவைக்கத்தான், அடியோடு தீர்க்க முடியும் என்று சொல்ல மாட்டேன் என்றார். மழுப்பாமல் சொன்னது மனதில் உறைத்தது. உங்கள் தங்கையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். தங்கையாக இருந்தால் எனக்கு மூளையே வேலை செய்யாது, வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவேன் என்று சிரித்தார்.

என் கணவரின் கேள்வி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் சரியாகத்தான் பார்த்தாரா என்பது. டாக்டருக்குக் கோபம் வருமோ என்று நான் பயந்தேன். வரவில்லை. நியாயமான கேள்வி, அதே ஸ்லைடுகளை இன்னொருவரையும் பார்க்கச் சொல்கிறேன், ஐந்து நாள் கழித்து வாருங்கள் என்றார்.

எழுந்திருப்போம் என்று நான் தாளை மடித்தேன். இவர் எழுந்திருக்கவில்லை. போடாமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் விட்டுவிட்டேன் என்று ஆகாதா என்று தன் தொழிற்சாலை இந்தியில் கேட்டார். பிறகு அக்காவைப் பற்றிச் சொன்னார். நான் அறிந்த கதைதான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அறியாத ஒன்று அதில் இருந்தது. அக்கா இவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மார்பில் ஏதோ கட்டி மாதிரி இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவில்லை, என்ன செய்யட்டும் என்று. இவர் வெந்நீர் ஒத்தடம் கொடு, சரியாகிவிடும் என்று பதில் எழுதியிருக்கிறார். அப்போது இவருக்கு இருபத்துமூன்று வயது. பதினேழு வருடம் என்னோடு வாழ்ந்தவர், அதை என்னிடம் சொன்னதே இல்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஊசி போட்ட பிறகும் சிலருக்கு நோய் வருகிறது. அப்போது, சும்மா அவளைக் கஷ்டப்படுத்திவிட்டேனே என்று அழுவீர்கள். பழி யார் மேல் வரும் என்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள்" என்றார். பிறகு கேட்டார்: "உங்கள் மனைவி கட்டியைப் பார்த்த அதே வாரம் இங்கே வந்திருக்கிறார். கூட்டிக்கொண்டு வந்தது யார்?"

"நான்தான்" என்றார் இவர்.

"அப்புறம் என்ன?"

அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்ததும், இத்தனை நாள் விறைத்திருந்த அவர் தோள் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது.

ஐந்து நாளும் அவர் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஜெபத்தில்கூட. ஒரே ஒருதரம், நான் துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏ பிள்ள, உனக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லு. நான் உங்கூட நிக்கேன்" என்றார்.

ஸ்லைடுகளை இரண்டாவதாகப் பார்த்தவரும் அதையே எழுதியிருந்தார். நெறிக்கட்டிகளில் ஒன்றுமில்லை. கட்டியும் மெதுவாக வளரும் ரகமாகத்தான் தெரிகிறது என்று கூடுதலாக ஒரு வரி. டாக்டர் அதைப் படித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஊசி வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து காட்டிக்கொள்கிறேன்" என்றேன். என் குரல் எனக்கே எக்ஸ்சேஞ்ச் குரலாகக் கேட்டது, தெளிவாக. கணவர் தலையாட்டினார். டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டு, எனக்கும் இதில் சமாதானம்தான், நெறிக்கட்டியில் இருந்திருந்தால் நான் உங்களைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்றார்.

வாசலில் எங்கள் பஸ் ஸ்டாப்பைக் கவனிக்காமல் தாண்டி நடந்துவிட்டோம். நடந்தவாக்கில் அப்படியே தமிழர்கள் நிறைந்த மாட்டுங்கா வரை போனோம். ஒரு ஓட்டலில் உட்கார்ந்து நான் தோசை, இவர் பூரி. அது போதாமல் ரவா இட்லி. அதுவும் போதாமல் இரண்டாவது காபி. எதற்கோ சிரித்தோம், எதற்கு என்று இப்போது நினைவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. செம்பூர் பஸ்ஸில் ஏறிய ஐந்தாவது நிமிஷம் இவர் என் வலது தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். எத்தனையோ நாள் தூக்கம் பாக்கி. எங்கள் ஸ்டாப் வந்தும் எழுப்ப மனமில்லாமல் அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்கினோம்.

அடுத்த மாதம் வேலைக்குப் போய்விட்டேன். மகள் பரீட்சை எழுதித் தேறினாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டப் போகும்போதெல்லாம் முந்தின நாளே பயம் பிடித்துக்கொள்ளும். அது போகவே இல்லை. ஆனால் நோய் திரும்பி வரவில்லை. நான் எடுத்த முடிவுதான் என்னைக் காப்பாற்றியது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. என் போன்ற ரிப்போர்ட்டோடு வேறொருத்தி ஊசி போட்டுக்கொண்டு நன்றாக இருந்திருப்பாள், அதுவும் சரிதான். பின்னால் யாருக்கு எந்த மருந்து வேண்டும் என்று இன்னும் தெளிவாகச் சொல்லும் சோதனைகள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டபோது, பின்னால் வந்தவர்களுக்கு அந்த ஒரு வாரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

தாராவிக்காரி ஆறு மாதமும் முடித்தாள். பிறகு காட்ட வரும் நாட்களில் சந்தித்துக்கொள்வோம். ஒரே நாளில் வரும்படி இருவரும் பேசிவைத்து நம்பர் வாங்குவோம். பட்டறையில் பள்ளிக்கூடப் பை ஆர்டர் வந்திருப்பதைப் பற்றியோ, தைக்கிறவன் லீவு போட்டதைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பாள். நோயைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே குறைவு.

சில வருடங்கள் கழித்து ஒருநாள் டாக்டர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். அன்றைக்கு எனக்கு மதிய ஷிப்ட். கணவருக்குத் தொழிற்சாலைக்கு ஃபோன் செய்து சொல்லிவிட்டு, நேரே வேலைக்குப் போனேன்.