ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு

போன வாரம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்திவிட்டார். காரணம், என் சட்டைப் பையில் இருந்த சின்னக் கண்ணாடி பாட்டில்.

"இன்னா சார் இது, மருந்தா?"

"இல்லப்பா... புடவை கலர்."

ஏற இறங்கப் பார்த்தார். பார்க்க மாட்டாரா பின்னே?

விஷயம் இதுதான். என் மனைவி மாலதி பல மாதங்களாக அமெரிக்காவில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம். எனக்கோ ஆஞ்சியோ செய்த உடம்பு. அவ்வளவு நேரம் விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயிலாப்பூர் ஃப்ளாட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். இரண்டில் ஃபிரிட்ஜ்தான் கொஞ்சம் சத்தம் போடும்.

நானும் மாலதியும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் ஒரே வகுப்பு. லேபில் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. ஃபெரிக் குளோரைடு என்று ஓர் இரும்பு உப்பு — கரைசல் தண்ணி டிகாக்ஷன் மாதிரி இருக்கும். தயோசயனேட்டில் விட்டால் ரத்தச் சிவப்பு. ஃபீனாலில் ஒரு சொட்டு விட்டால்... சட்டென்று வயலெட்! எனக்கு அது வெறும் மார்க். அவளோ டெஸ்ட் ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தக் கலர்ல பட்டுப்புடவை கிடைக்குமா?" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ கடை ஏறி இறங்கினோம். கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் மாலதி போன் செய்தாள். "மாப்பிள்ளை இன்னும் மூணு மாசம் இருங்கன்றாரு. இருக்கட்டுமா?"

"இரேன். குழந்தை சின்னது" என்றேன். போனை வைத்ததும் வீடு எவ்வளவு பெரிதாகிவிட்டது தெரியுமா?

மறுநாள் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஃபெரிக் குளோரைடு வாங்கினேன். சர்க்யூட் போர்டில் செம்பை அரிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஃபீனாலுக்கு எங்கே போவது? நான் இதயத்துக்குப் போட்டுக்கொள்ளும் மாத்திரை ஆஸ்பிரின்தானே! பொடித்து வெந்நீரில் போட்டால் சாலிசிலிக் அமிலம் பிரியும். அதுவும் ஃபீனால் வகையறா.

முதல் தடவை அவசரத்தில் நாலைந்து சொட்டு விழுந்துவிட்டது. ஒரே சேற்று நிறம். இரண்டாம் தடவை ஒரே சொட்டு... வந்துவிட்டது! காலியான சமையலறையில் நின்றுகொண்டு, "மாலதி, இங்க பாரேன்" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

அந்த பாட்டிலோடுதான் கடைக்குப் போனேன். விற்பனையாளர் அதை விளக்கில் காட்டிப் பார்த்தார். வாடாமல்லி எடுத்தார் — இல்லை. கத்தரிப்பூ — இல்லை. கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். அதேதான்!

வீடியோ காலில் விரித்துக் காட்டினேன். மாலதி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"எப்படிங்க இவ்வளவு கரெக்டா ஞாபகம் வெச்சிருந்தீங்க?"

"ஞாபகம் இல்ல. செஞ்சு பாத்தேன்" என்று செய்முறையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"உங்க ஆஸ்பிரினையா கரைச்சீங்க? அப்ப நீங்க என்னத்தப் போட்டுக்கிட்டீங்க?"

நான் புடவையை மடிக்க ஆரம்பித்தேன்.

"புடவைய கூரியர்ல போட்டுடாதீங்க. நான் கிளம்பி வரேன்."

"குழந்தை...?"

"அதப் பாத்துக்க இங்க ரெண்டு பேர் இருக்காங்க. உங்களப் பாத்துக்க யாரு இருக்கா?"

டிக்கெட் போட்டாயிற்று. உங்களிடம் மட்டும் சொல்கிறேன் — புது அட்டை வாங்கி, ஒரு வேளை கூடத் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நல்லவேளை, நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை மாலதி படிப்பதில்லை!